எடை நிலையத்தில் சிக்குபவர் ஓட்டுநர். சுமை ஏற்றியவர் யார்?

2025 மே 13-ஆம் தேதி காலை. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி விழாவுக்கான பாதுகாப்புப் பணியை முடித்துவிட்டு, கலகத் தடுப்புப் போலீசார் ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர். கற்கள் ஏற்றி வந்த லாரி ஒன்று அவர்களது வாகனத்தின் மீது மோதியதில் 9 பேர் உயிரிழந்தனர். அந்த லாரி அளவுக்கு மீறிய சுமையுடன் வந்தது விசாரணையில் தெரியவந்தது.

அதன் பிறகு அரசாங்கத்தின் பிடி இறுகியது. அதிகச் சுமை ஏற்றும் வர்த்தக வாகனங்களுக்கு அக்டோபர் 1 முதல் கம்பவுண்ட் இல்லை, வழக்கு நேராக நீதிமன்றத்திற்குத்தான் போகும் எனப் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அறிவித்தார். இது வரவேற்கத்தக்க முடிவு. அபராதத்தைத் தொழில் செலவாகக் கணக்கெழுதிய முதலாளிகளுக்கு அது ஓர் அடி.

ஆனால், ஜேபிஜே எடை நிலையத்தை மட்டும் நம்பினால் போதாது. நிலையம் திறந்திருந்தால் சில லாரிகள் முன்கூட்டியே ஓரங்கட்டிவிடுகின்றன; சில கம்பத்துச் சாலைகளில் திரும்பிவிடுகின்றன. அதிகாரிகள் நிற்கும் இடத்தை ‘தொந்தோ’ எனப்படும் வேவுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுகிறார்கள். அச்சின் மீதான சுமை இரு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்பது சாலைப் பொறியியல் கணக்கு. அந்தச் சேதத்தைத் தாங்குவது நம் வீட்டு வாசல் சாலைகள்தான்.

சிக்கினாலும் முதலில் மாட்டுவது ஓட்டுநர். நடைக்கு இவ்வளவு எனக் கூலி வாங்குபவர், “சுமை அதிகம், எடுக்க மாட்டேன்” என்று சொன்னால் மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா?

கல்லுடைப்புத் தளத்தில் கல்லை டன் கணக்கில்தான் விற்கிறார்கள். செம்பனை ஆலையிலிருந்து எண்ணெயும் எடை பார்த்துத்தான் வெளியேறுகிறது. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். லாரி வாசலைத் தாண்டும் முன்பே எடைச்சீட்டு அச்சாகிவிடுகிறது. அதிகச் சுமை என்பது சாலைக்கு வரும் முன்பே ஒருவருக்குத் தெரிந்த உண்மை.

அந்தச் சீட்டைச் சோதித்து, சுமை ஏற்றி அனுப்பியவரையும் லாரி உரிமையாளரையும் ஓட்டுநருடன் சேர்த்துக் கூண்டில் நிறுத்தினால்தான் சட்டம் முழுமை பெறும். இல்லையேல் ஓட்டுநர்கள் மாறுவார்கள், சுமை குறையாது.