ஓசோன் ஓட்டை என்ன ஆச்சு சார்?

போன வாரம் காலை நடை முடிந்து பார்க் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நண்பர் ஒருவர் நக்கலாகக் கேட்டார்: "எண்பதுகள்ல ஓசோன்ல ஓட்டை, ஓட்டைன்னு பயமுறுத்தினாங்களே, என்ன ஆச்சு சார்? ஒண்ணும் ஆகலையே!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் வயதுக்காரர்கள் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது. இன்று பெரியம்மை இல்லை. அதனால் குத்தியது வீண் என்பீர்களா? ஓசோன் கதையும் அதேதான்.

ஃப்ரிட்ஜிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் இருந்த சிஎஃப்சி வாயு ஓசோனை அழிக்கும் என்று 1974-ல் மோலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் மெலிந்ததை பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அளந்தே காட்டினார்கள். 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1992-ல் இந்தியா சேர்ந்தது. பிறகு உலக நாடுகள் அத்தனையும் சேர்ந்தன. சிஎஃப்சி நின்றது. ஓசோன் மெல்ல மெல்லத் தேறி வருகிறது.

லாபம் நம் உடம்புக்குத்தான். ஓசோன் குறைந்தால் புற ஊதாக் கதிர் கூடும். தோல் புற்றுநோயும் கண்புரையும் பெருகும். 1890 முதல் 2100 வரையிலான ஆண்டுகளில் பிறக்கும் அமெரிக்கர்களிடையே மட்டும் சுமார் 44 கோடி தோல் புற்றுநோய்களும் 6 கோடிக்கு மேல் கண்புரைகளும் இந்த ஒப்பந்தத்தால் தவிர்க்கப்படும் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை கணக்கிட்டிருக்கிறது.

"நமக்குக் கருத்த தோல், பயமில்லை" என்பார் இன்னொருவர். கண்ணுக்கு ஏது ஐயா கருத்த தோல்? இரண்டு கண்ணிலும் புரை எடுத்துக்கொண்டவன் நான். என் புரைக்கு வயதுதான் காரணம், ஓசோன் மேல் பழி போட மாட்டேன். ஆனால் உலகம் அன்று சிரித்துவிட்டுப் போயிருந்தால், என் பேரன் என் வயது வரை காத்திருக்க வேண்டியிருக்காது.

என் பங்குக்கு ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். வேலை இன்னும் முடியவில்லை. பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 வாயுவும் ஓசோனைக் கெடுப்பதுதான். இந்தியா அதைப் படிப்படியாகக் கைவிட்டு வருகிறது. போன கோடையில் என் பழைய ஏசியைக் கழற்ற வந்த பையன் குழாயைத் திறந்து, இருந்த வாயு முழுவதையும் புஸ்ஸென்று வெளியே விட்டான். "எல்லா வீட்லயும் இப்படித்தான் சார்" என்றான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நீங்கள் அப்படி நிற்காதீர்கள். வாயுவைச் சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள். இருநூறு, முந்நூறு கூடக் கேட்டால் கொடுங்கள்.

நாளை பெஞ்சில் அந்த நண்பரிடம் நானே கேட்கப் போகிறேன்: "உங்க வீட்டு ஏசி எந்த வருஷத்தது சார்?"