வெயிலுக்கும் ஒரு கணக்குப் போடுங்கள்!

திண்டுக்கல்லில் சித்திரை வெயிலைத் திட்டாத ஆள் உண்டா? மலைக்கோட்டைப் பாறை அனலாய்க் கொதிக்கிறது. பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க முடியவில்லை. ஆனால் அந்த வெயில்தான் நமக்குக் காசில்லாமல் கிடைக்கிற சரக்கு. அதை அளந்து பார்த்தது யார்?

சூரிய மின்சாரம், காற்றாலை, சாண எரிவாயு என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். எல்லாம் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது சாமி!

முதலில் காற்று. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்களை ஒட்டித்தான் அது பலமாக வீசும். அதுவும் மே முதல் செப்டம்பர் வரைதான் ஜோர். மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி 2006-ல் ரூ.1.55 கோடியில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. அதை நிறுத்தியது எங்கே? சொந்த ஊரில் இல்லை. காற்றடிக்கும் உடுமலைப் பக்கம். அதுதான் கணக்கு!

அடுத்தது சாணம். நாலைந்து மாடு இருந்தால் தினம் 50 கிலோ சாணம். ஒரு குடும்பத்துக்கு அடுப்பெரியும். இது கிராமத்துக்குச் சரி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மிஞ்சும் அழுகல் காய்கறியிலும் எரிவாயு எடுக்கலாம். பிளாஸ்டிக் கலக்காமல் பிரித்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

டவுனுக்கு ஏற்றது வெயில். 100 சதுர அடி மொட்டை மாடி இருந்தால் ஒரு கிலோவாட் தகடு போடலாம்; நாளுக்குச் சுமார் 4 யூனிட் வரும். கடை, ஆபீஸ், பள்ளிக்கூடம், வேடசந்தூர் நூற்பாலை எல்லாம் பகலில் ஓடுபவை. வந்த கரண்ட் அங்கேயே செலவாகிவிடும்.

வீட்டுக்கு 3 கிலோவாட் போட்டால் ரூ.78 ஆயிரம் மானியம் என்று மத்திய அரசு 2024-ல் அறிவித்தது. சொந்த மாடி உள்ளவருக்குச் சந்தோஷம். வாடகை வீட்டு குமாஸ்தா எங்கே போவார்? மாநகராட்சிக் கட்டடம், பள்ளி, மார்க்கெட் கூரைகளில் முதலில் தகடு ஏறட்டும். அங்கே மிச்சமாகும் கரண்ட் பில் ஊருக்கே பொதுப் பணம்.

கிராம எரிசக்தியைப் பாடமாகவே நடத்தும் காந்திகிராமப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. மாணவர்களை அழைத்து வார்டு வார்டாகக் கூரையை அளக்கச் சொன்னால் என்ன? எந்தக் கூரையில் எத்தனை யூனிட் என்று போர்டில் எழுதி வைக்கட்டும். ஜனங்கள் பார்க்கட்டும்.

பூட்டுக்குப் பேர் போன ஊர் இது. ஆனால் வெயிலைப் பூட்டி வைக்க முடியாது. அன்றன்றைக்கு எடுத்தால்தான் உண்டு. அதிகாரிகள் டேப்பை எடுப்பார்களா?