மெலியாத ஆக்கள் எல்லாம் களவாய்த் தின்கிறவையோ?

கலியாண வீட்டில் பெட்டையளைக் கண்டவுடனே “என்ன பிள்ளை, நல்லா உடம்பு வைச்சிட்டாய்” எண்டு தொடங்குகிற மாமிமாரைக்கூட மன்னிக்கலாம். அவையள் அதோட விட்டிடுவினம். மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறைத்துவிட்டு, முன்னும் பின்னும் படம் போட்டு, ஊருக்கே பாடம் எடுக்கிற அண்ணாமாரை என்ன செய்வது?

அவர்களின் வாதம் இவ்வளவுதான். “நான் சோத்தை விட்டன், மெலிஞ்சன். நீயும் விடு. மெலியேல்லை எண்டால் நீ வாயைக் கட்டேல்லை.” வெற்றி எண்டால் டயட்டுக்குப் பெயர், தோல்வி எண்டால் சாப்பிட்டவருக்குப் பழி. எப்படிப் பார்த்தாலும் டயட் மட்டும் தோற்கவே தோற்காது. இதை அறிவியல் எண்டு சொல்ல ஏலாது.

அறிவியல் செய்தவர்கள் என்ன கண்டார்கள்? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னரின் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதிக்குக் கொழுப்புக் குறைந்த உணவு, மற்றதுக்குக் காபோவைதரேற்றுக் குறைந்த உணவு. 2018இல் முடிவு வெளிவந்தது. ஒரு வருடத்தில் குறைந்த சராசரி எடை, முதல் குழுவில் 5.3 கிலோ, மற்றதில் 6 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வொரு குழுவுக்கு உள்ளேயும் பாருங்கள்: 25 கிலோவுக்கு மேல் குறைந்தவர்களும் இருந்தார்கள், ஏழெட்டுக் கிலோ கூடினவர்களும் இருந்தார்கள்.

“கூடினவை ஒழுங்காய்க் கடைப்பிடிச்சிருக்க மாட்டினம்” எண்டு அண்ணா சொல்லுவார். சிலரைப் பொறுத்தவரை உண்மையாக இருக்கலாம். அப்படியெண்டால் சாப்பாடு முழுவதும் கண்காணிப்பில் நடந்த ஒரு ஆய்வுக்கு வருவோம். கனடாவில் குளோட் புஷார் 1990இல் வெளியிட்டது. ஒத்த இரட்டையர் 12 சோடி. வாரத்தில் ஆறு நாள், மொத்தம் 84 நாட்கள், எல்லாருக்கும் தலா 1000 கலோரி மேலதிகமாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு 4.3 கிலோதான் கூடியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. ஒரே சோடியில் இருந்த இரண்டு பேருக்குமோ கூடின அளவு பெரும்பாலும் கிட்டக் கிட்ட இருந்தது. இதில் மனவுறுதிக்கு என்ன வேலை? கூடின சாப்பாட்டை உடம்பு என்ன செய்கிறது எண்டதில் பிறப்போடு வந்த பங்கு பெரிது.

இதைக் கேட்டவுடனே இன்னொரு கூட்டம் கடை விரிக்கும்: “எச்சில் தாங்கோ, உங்கட ஜீனுக்கு ஏற்ற டயட்டைச் சொல்லுறம்.” இவர்களையும் நம்பாதீர்கள். அதே ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில் ஜீன் வகையையும் இன்சுலின் சுரப்பையும் பார்த்தார்கள். யாருக்கு எந்த உணவு பொருந்தும் எண்டு இரண்டாலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. உடம்புகள் வேறுபடுகின்றன எண்டது உண்மை. அந்த வேறுபாட்டை ஒரு சோதனையில் வாசித்துவிடலாம் எண்டது வியாபாரம்.

அப்ப கொத்துரொட்டியும் சோடாவும் எண்டு கிடக்கலாமோ? இல்லை. அந்த ஆய்வில் இரண்டு குழுவுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டவை சில இருந்தன: சீனியையும் தீட்டிய மாவையும் குறை, மரக்கறியைக் கூட்டு. இதில் சண்டைக்கு இடமில்லை. மிச்சத்தில் புட்டைக் குறைக்கிறதோ எண்ணெயைக் குறைக்கிறதோ, எது உங்களுக்குப் பசியை அடக்குதோ, எதை இரண்டு வருடம் கழித்தும் செய்ய ஏலுமோ, அதுதான் உங்கட டயட். நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறவர்கள் மட்டும் வைத்தியரிடம் கேட்காமல் சோத்தை வெட்டக் கூடாது. சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும்.

மெலிந்த அண்ணாவுக்கும் ஒரு செய்தி உண்டு. ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு ஆபத்துத் தொடங்குகிறது எண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. அதனால்தான் எங்களுக்கு உடற்திணிவுச் சுட்டெண் 25 வரும்வரை பார்த்திராமல் 23இலேயே கவனிக்கச் சொல்கிறார்கள். ஒல்லி எண்டது சுகத்துக்கான சான்றிதழ் அல்ல. படம் போடுவதற்கு முதல் ஒருக்கா இரத்தத்தில் சீனியைப் பாருங்கோ அண்ணா.

உங்கட உடம்பில் நடந்ததைச் சொல்லுங்கோ, கேட்கிறோம். அதை வைத்து மற்றவையின்ர உடம்புக்குத் தீர்ப்பு எழுத உங்களுக்கு உரிமை இல்லை.