வண்டி பலவாகலாம், செருகி ஒன்றாதல் வேண்டும்

ஊர்க்கிணறு பொது, குடம் அவரவர்க்குரியது. குடம் வனைவோர் பலராயிருப்பதால் ஊருக்குக் கேடில்லை, நன்மையே உண்டு. ஆனால், ஒரு குயவர் வனைந்த குடத்தை மட்டும் ஏற்கும் கிணறு ஒன்றும், மற்றொரு குயவர் குடத்தை மட்டும் ஏற்கும் கிணறு இன்னொன்றுமாகத் தோண்டப்பட்டால் அவ்வூரார் நிலை என்னாகும்? மின்னுந்துகளின் வரவால் தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்று எழுந்திருக்கும் வினா இதுவேயாகும்.

குமரி மாவட்டத்து நெய்யூரில் ஓர் இல்லத்தார் மின்மகிழுந்து வாங்கக் கருதுவதாகக் கொள்க. அவர்கள்முன் இன்று நிற்கும் போட்டியாளர் ஒருவரல்லர், பலர். டாட்டாவின் நெக்சான் மின்னுந்து 2020-இல் வந்தது. மகீந்திராவின் பி.இ. 6 என்னும் வண்டி 2024 நவம்பரில் சென்னையில் வெளியிடப்பட்டது. திருப்பெரும்புதூர்ப் பக்கத்தில் ஆலை கொண்ட உந்தாய் நிறுவனம், கிரெட்டா மின்னுந்தை 2025 சனவரியில் கொணர்ந்தது. வியத்நாமின் வின்பாசுட்டு 2025 ஆகசுட்டில் தூத்துக்குடியிலேயே ஆலை திறந்து, அடுத்த திங்களில் தன் இரு வண்டிகளை விற்பனைக்கு விட்டது. அமெரிக்க டெசுலாவும் 2025 சூலையில் மும்பையில் கடை விரித்தது.

இவற்றுள் எது சிறந்தது? வாங்குவோர் பெரும்பாலும் ஓர் எண்ணையே நோக்குகின்றனர். ஒருமுறை மின்னேற்றினால் எத்தனைக் கிலோமீட்டர் ஓடும் என்பதே அவ்வெண். 45 மின்னலகு கொள்ளும் நெக்சானுக்கு 489 என்றும், 51.4 அலகு கொள்ளும் கிரெட்டாவுக்கு 473 என்றும், 79 அலகு கொள்ளும் பி.இ. 6-க்கு 682 என்றும் நிறுவனங்கள் கூறின. இவ்வெண்கள் ஆய்வுக்கூடத்தில் வரையறுத்த முறைப்படி ஓட்டிப் பெற்றவை. குளிரூட்டி இயங்க, நால்வர் அமர்ந்து, நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது அவற்றில் மூன்றிலிரண்டு பங்கே கிட்டும் என்று கணக்கிடுவது அறிவுடைமை. அவ்வாறு கணக்கிட்டால் நெக்சானுக்கு 325-உம், கிரெட்டாவுக்கு 315-உம், பி.இ. 6-க்கு 455-உம் ஆகின்றன.

இனி, நெய்யூரிலிருந்து வழிகளை அளந்து பார்க்க. நாகர்கோவில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர், திருவனந்தபுரம் 60-க்குள், நெல்லை 100 அளவில். இவ்வூர்களுக்குச் சென்று மீள மேற்கூறிய எந்த வண்டியும் போதும். வேறுபாடு தோன்றுவது மதுரைக்கும் சென்னைக்கும் செல்லும்போதுதான். சென்னை 700 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. அத்தொலைவை ஒரே மூச்சில் கடக்கும் வண்டி இவற்றுள் ஒன்றுமில்லை. ஆகவே, ‘எவ்வண்டி சிறந்தது’ என்னும் வினா, ‘எவ்விடத்தில், எவ்வளவு நேரத்தில், எவ்விலையில் மின்னேற்றலாம்’ என்னும் வினாவாக மாறிவிடுகின்றது. வண்டியை விற்போர் இம்மாற்றத்தைச் சொல்வதில்லை.

மின்னேற்றுதலின் இயல்பையும் மக்கள் தெளிதல் வேண்டும். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் செருகுவாயிலிருந்து மணிக்கு ஏறத்தாழ 3.3 அலகே ஏறும். 45 அலகு நிரம்ப ஓரிரவு முழுதும் வேண்டும். சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் பொறியாயின் ஆறரை மணி நேரத்திற் போதும். நெடுஞ்சாலையிலுள்ள விரைவேற்றுப் பொறிகளோ 30, 60, 120 கிலோவாட் எனப் பலவகைப்படும். பி.இ. 6 வண்டி 175 கிலோவாட் வரை ஏற்றுக்கொண்டு, 20 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வரை 20 மணித்துளியில் நிரம்பும் என்கின்றனர். ஆனால், வழியிலுள்ள பொறி 60 கிலோவாட் மட்டுமே தருமாயின் அதே வேலைக்கு முக்கால் மணி நேரத்திற்கு மேலாகும். குடத்தின் வாய் அகன்றிருந்து பயனென்ன? குழாய் சிறுத்திருப்பின் நீர் சிறுகவே வரும். மிகுந்த விலை கொடுத்து வாங்கிய விரைவு, வழியில் நிற்கும் பொறியின் கையில் இருக்கின்றது.

அப்பொறிகளை நடத்துவோரும் பலர். டாட்டா பவர், கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட சியான், எண்ணெய் நிறுவனங்கள் எனத் தனித்தனி வலைகள் விரிக்கப்பட்டுள்ளன. பாரத்துப் பெட்ரோலியம் 2022 மார்ச்சில் சென்னை–திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் விரைவேற்றுப் பொறிகளை நிறுவியது. வரவேற்கத்தக்க முயற்சியே. ஆயினும், ஒவ்வொரு வலைக்கும் ஒவ்வொரு கைப்பேசிச் செயலி. ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே பணம் இட்டுவைக்கும் பை. ஒரு நிலையத்தில் ஒரே பொறி இருந்து அதுவும் பழுதாயின், அடுத்த நிலையம் வேறொருவருடையது. அதற்கு வேறொரு செயலி. பெட்ரோல் என்னும் கன்னெய்யை வாங்க எவரேனும் பெயர்ப்பதிவு செய்துகொண்டதுண்டா? காசைக் கொடுத்து நிரப்பிச் சென்ற மக்களைக் கடவுச்சொல்லுக்குக் காத்திருக்க வைப்பது முன்னேற்றமாகாது.

செருகியின் கதை இதனினும் கவலைக்குரியது. 2017-இல் நடுவணரசு வகுத்த முறைப்படி 15 கிலோவாட் பொறிகள் பலவிடங்களில் வைக்கப்பட்டன. பின்வந்த மகிழுந்துகள் சி.சி.எசு. 2 என்னும் வேறு செருகியை ஏற்றுக்கொண்டதும் அப்பொறிகள் அவற்றுக்குப் பயன்படாமற் போயின. மகிழுந்துகளைப் பொறுத்தவரை அச்செருகியே இன்று பெருவழக்காகிவிட்டது. டெசுலாவும் இங்கு அதனையே கைக்கொண்டுள்ளது. அவ்வளவில் சிக்கல் தீர்ந்தது. ஈருருளிகளில் தீரவில்லை. ஏத்தர் வண்டி ஓசூரில் உருவாகின்றது; ஓலா வண்டி போச்சம்பள்ளியில் உருவாகின்றது. இரண்டும் கிருட்டிணகிரி என்னும் ஒரே மாவட்டத்து ஊர்கள்! ஆயினும், ஏத்தரின் விரைவேற்றுச் செருகி வேறு; ஓலாவின் செருகி வேறு. ஏத்தர் தன் செருகியின் அமைப்பைப் பிறர்க்கும் திறந்துவிட்டது. 2023-இல் அது இந்தியத் தர அளவையாகவும் ஏற்கப்பட்டது. எனினும், எல்லாரும் அதனையே பின்பற்ற வேண்டுமென்னும் கட்டாயமில்லை. மகிழுந்து வாங்குவோர் சிலர். ஈருருளி வாங்குவோர் எளிய மக்கள். எளியவர்க்கே இவ்விடர் எஞ்சி நிற்பது நயன்மையாகுமா?

குமரி மாவட்டத்தார் இத்தகைய இடரை முன்பே கண்டவர்கள். 1979-இல் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குத் தொடர்வண்டி வந்தது. நெய்யூரார்க்கு இரணியல் நிலையம் கிடைத்தது. 1981-இல் நாகர்கோவிலிலிருந்து நெல்லைக்கும் பாதை திறக்கப்பட்டது. ஆனால், குமரியில் இட்டது அகலப்பாதை; மதுரையிலிருந்து நெல்லைக்கு அன்று வந்துகொண்டிருந்ததோ மீட்டர்ப் பாதை. ஒரே நாடு, ஒரே அரசு, ஒரே தொடர்வண்டித் துறை. இருந்தும் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி வண்டி மாறி ஏற வேண்டியிருந்தது. பின்னர்ப் பெரும்பொருள் செலவிட்டு அப்பாதை அகலமாக்கப்பட்ட பிறகே அவ்விடர் நீங்கியது. முதலில் ஒன்றுபடுத்தாததைப் பின்னர் ஒன்றுபடுத்த இருமடங்கு செலவாகும் என்பதே அப்பட்டறிவு.

“தன் பணத்தில் நிலையம் அமைத்தவன் அதனைத் தன் வண்டிக்கே வைத்துக்கொள்வதில் தவறென்ன? அந்நலன் இல்லையேல் எவர் முதலீடு செய்வார்?” என்று சிலர் வினவலாம். வினா புறந்தள்ளத்தக்கதன்று. டெசுலா 2012 முதல் தன் வண்டிகளுக்கென்றே நிலையங்களை அமைத்து, அவற்றாலேயே வண்டிகளை விற்றது என்பதும் மெய். ஆனால், அதே டெசுலா 2022 நவம்பரில் தன் செருகியின் அமைப்பைப் பிறர்க்குத் திறந்துவிட்டது. 2023-இல் போர்டும் செனரல் மோட்டார்சும் அதனை ஏற்க இசைந்தன. பிற நிறுவன வண்டிகளும் வந்து பணம் கொடுத்து மின்னேற்றுவது, நிலையம் வைத்தவனுக்கு நட்டமா, ஊதியமா? ஐரோப்பிய ஒன்றியமோ 2014-இலேயே பொது விரைவேற்று நிலையங்களுக்கு ஒரே செருகியை விதித்தது. 2024 ஏப்பிரல் முதல், புதிய பொது நிலையங்களில் உறுப்பினராகப் பதியாமலே பணம் செலுத்தும் ஏந்து இருத்தல் வேண்டுமெனவும் ஆணையிட்டது. அதனால் அங்கு வண்டிப் போட்டி மடிந்துவிடவில்லை. போட்டி வண்டியின் தரத்திலும் விலையிலும் நிகழ்ந்தது, செருகியில் நிகழவில்லை.

வரியிலும் ஒரு கோணல் உண்டு. மின்னுந்துக்குச் சரக்குப் பணி வரி 2019 முதல் 5 விழுக்காடே. பொதுநிலையத்தில் மின்னேற்றுவதற்கோ 18 விழுக்காடு! முற்றமும் தனி மின்னிணைப்பும் உடையவர் வீட்டில் குறைந்த செலவில் ஏற்றிக்கொள்கின்றனர். ஒண்டுக் குடித்தனத்தில் இருப்பவரும் வண்டி ஓட்டிப் பிழைப்பவரும் பொதுநிலையத்தை நாடுகின்றனர். அவர்களே மிகுதியாக வரி செலுத்துகின்றனர். உடையவர்க்குக் குறைத்து இல்லாதவர்க்குக் கூட்டும் இக்கணக்கு திருத்தப்பட வேண்டும்.

குமரி மண்ணில் ஆற்றலுக்குக் குறைவா? கன்னெய் கடல் கடந்து வருவது. காற்றோ ஆரல்வாய்மொழிக் கணவாயில் தானே வருவது. காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவிலுக்கு வரும் வழியில் முப்பந்தலைச் சூழ்ந்து நிற்கும் காற்றாலைகளைக் காணாதவர் இலர். களியக்காவிளையைக் கடந்தால் கேரள மின்வாரியம் தானே மின்னேற்று நிலையங்களை அமைத்துள்ளது. 2021-இல் கோழிக்கோட்டில் தொடங்கி, மின்கம்பங்களிலேயே ஈருருளிக்கும் தானிக்கும் மின்னேற்றும் கருவிகளைப் பொருத்தியது. தமிழ்நாடு அரசு 2019-இலும் 2023-இலும் மின்னுந்துக் கொள்கைகளை வெளியிட்டு ஆலைகளை ஈர்த்தது, அவ்வெற்றியை மறுப்பாரில்லை. ஆனால், வண்டி செய்யும் நாடாக உயர்ந்த தமிழ்நாடு, வண்டி ஓட்டுவோர்க்கும் நாடாக வேண்டாவா?

செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, ஈருருளிக்கும் ஒரே செருகி எனச் சட்டம் வருதல் வேண்டும். இரண்டாவது, எந்த நிலையத்திலும் தனிச்செயலியின்றிப் பணம் செலுத்த இயலுதல் வேண்டும். நடுவணரசு 2024-இல் வகுத்த 10,900 கோடி உருபாத் திட்டத்தில் 2,000 கோடி மின்னேற்று நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்டது. பொதுப்பணம் பெறும் ஒவ்வொரு நிலையமும் எல்லா வண்டிக்கும் பொதுவாக இருத்தலை அதற்கு நெறியாக்குக. மூன்றாவது, விரைவுப் பொறி நெடுஞ்சாலைக்கும், மெல்லேற்றுப் பொறி வண்டிகள் நெடுநேரம் நிற்கும் இடங்களுக்கும் உரியவை. 1838 முதல் மருத்துவப் பணியால் பெயர்பெற்ற நெய்யூருக்கு நோயாளிகளைக் கொண்டுவருவோரின் வண்டிகள் பல மணி நேரம் நிற்கின்றன. திங்கள்நகர்ப் பேருந்து நிலையத்தில் தானிகள் காத்துக் கிடக்கின்றன. விலை குறைந்த பொறிகள் அங்கே போதும். நான்காவது, பொறியின் முகப்பிலும் செயலியிலும் தமிழ் இருத்தல் வேண்டும். உயர்மின்னழுத்தப் பொறியின்முன் நிற்கும் ஓட்டுநர்க்கு எச்சரிக்கை புரியாமற் போவது உயிர்க்கேடு. மின்னேற்றி, செருகி, மின்னலகு, கட்டணம் எனச் சொற்கள் ஆயத்தமாகவே உள்ளன. எழுதுவதற்கு மனமே வேண்டும்.

வண்டி வாங்குவோரும் தம் கடமையை மறத்தலாகாது. விளம்பர எண்ணில் மயங்காமல், தாம் செல்லும் வழியில் எத்தனை நிலையங்கள் உள்ளன, அவற்றில் எத்தனை பொறிகள் இயங்குகின்றன, எவ்வளவு விரைவில் ஏற்றுகின்றன என்று வினவி வாங்குக. வாங்குவோர் வினவத் தொடங்கினால் விற்போர் விடைகூறத் தொடங்குவர்.

குடம் செய்வோர் போட்டியிடட்டும். கிணறு எல்லார்க்கும் பொதுவாகட்டும்!