நூலகம் உண்டு, நூலகர் இல்லை

அம்பத்தூருக்கு மேற்கே உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் மூன்று அட்டைப்பெட்டி நிறையப் புத்தகங்கள் கொண்டுபோய்க் கொடுத்தோம். நண்பர் வட்டத்தில் திரட்டியவை. புதுமைப்பித்தன் இருந்தார், கு. அழகிரிசாமி இருந்தார். கூடவே, ஒளிப்பானேன், எங்கள் வீடுகளில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த சிலவும் இருந்தன. பொன்னாடை போர்த்தினார்கள். படம் எடுத்துக்கொண்டோம். ஓராண்டு கழித்து அவ்வழியே சென்றபோது உள்ளே எட்டிப் பார்த்தோம். மூன்றில் இரண்டு பெட்டிகள் ஒட்டுநாடா பிரியாமல் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் விலையில்லாப் பாடநூல் கட்டுகள், அதற்கும் மேல் காற்றிறங்கிய கைப்பந்து ஒன்று. கதவின் மேல் மட்டும் ‘நூலகம்’ என்ற எழுத்துகள் புது வண்ணத்தில் பளிச்சென்று இருந்தன.

அன்று எங்களுக்கு வந்த கோபம் அந்தப் பள்ளியின் மீது. அது இடம் மாறி வந்த கோபம் என்பது புரியச் சிறிது காலம் பிடித்தது.

அந்நூலகத்தின் பொறுப்பு கணித ஆசிரியை ஒருவரிடம் இருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்திற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே, எமிஸ் பதிவேற்றங்களுக்கு உட்கார வேண்டியவரும் அவரே. சாவி அவர் கைப்பையில். ‘ஏன் அம்மா திறப்பதில்லை?’ என்று கேட்டோம். ‘திறந்து விட்டால் யார் பார்த்துக்கொள்வது சார்? இருப்புப் பதிவேட்டில் ஒன்று குறைந்தாலும் நான்தான் கட்ட வேண்டும்’ என்றார். அந்த அச்சம் விதிப்படி சரியா தவறா என்பது வேறு விஷயம். அந்த அறையைப் பூட்டி வைத்திருந்தது அந்த அச்சந்தான்.

கணிதம் கற்பித்த ஒருவர் நூலகரான கதை நம் ஊரிலேயே உண்டு. சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். தொடக்கத்தில் வேலை பிடிக்காமல் கல்லூரிக்கே திரும்பப் பார்த்தார் என்பார்கள். இங்கிலாந்து சென்று அங்குள்ள நூலகங்களைக் கண்ட பிறகே மனம் மாறினார். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளை உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். நூல் இருப்பது பயன்படுவதற்காகவே என்பது அவற்றில் முதலாவது. பள்ளி, கல்லூரி நூலகங்களைப் பற்றியே 1942இல் தனி நூல் எழுதினார். இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அரங்கநாதனை நூலகராக அமர்த்தியவர்கள் கணித வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லவில்லை.

நிற்க. அம்பத்தூரிலிருந்து ரயிலில் சில நிலையங்கள் தள்ளி ஆவடி. அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப்படை, மத்திய ரிசர்வ் போலீஸ் ஆகிய வளாகங்களில் கேந்திரிய வித்யாலயாக்கள் இருக்கின்றன. அவ்வமைப்பில் நூலகர் என்பது ஒப்புதல் பெற்ற பணியிடம். நூலகவியல் படித்தவரே அதற்கு வரலாம். கால அட்டவணையில் நூலகப் பாடவேளை இருக்கிறது. நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரம் கொண்டாட அங்கே ஓர் ஆள் இருக்கிறார். அதே ஊரில், மதில் சுவருக்கு இப்பால், மாநில அரசுப் பள்ளிகள். தமிழகத்தின் பெரும்பாலான அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் நூலகர் என்ற பணியிடமே கிடையாது. மைய அரசு ஊழியரின் பிள்ளைக்கு நூலகர் தேவை, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவரின் பிள்ளைக்குச் சாவி வைத்திருக்கும் ஆசிரியை போதும் என்று எந்தக் குழு எப்போது முடிவு செய்தது? தமிழை முறையான பாடமாகக் கற்பிக்காத பள்ளிகளில் நூலகர் இருக்கிறார், தமிழிலேயே கற்பிக்கும் பள்ளிகளில் இல்லை என்பதையும் தமிழன்பர்கள் ஒரு கணம் யோசிக்கலாம்.

சட்டம் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் நாளிதழும் பருவ இதழும் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்கிறது. அதை எடுத்துக்கொடுக்க ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டம் பள்ளியின் அளவுக்கேற்ப ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியத்துக்கு வழி செய்தது. நூல் வாங்கத்தான் அந்தப் பணம், ஆளுக்கு அல்ல. பொது நூலகங்களின் கதை வேறு. 1948இலேயே சட்டம் இயற்றி இந்தியாவுக்கு வழிகாட்டிய மாநிலம் நாம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக ஆவடிக்காரரும் பூந்தமல்லிக்காரரும் செலுத்துகிறார்கள். அந்தக் காசு கிளை நூலகம் வரை வருகிறது. பள்ளி வாசலைத் தாண்டுவதில்லை.

அண்மைக் காலத்து முயற்சிகளை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. 2023இல் வந்த வாசிப்பு இயக்கம் நல்ல காரியம். நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்துச் சிறு சிறு நூல்களாக அச்சிட்டார்கள். ‘தேன்சிட்டு’ இதழும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் மொழியில் வந்தது. ஆனால் இவை அனைத்தும் பள்ளிக்குள் போய்ச் சேருமிடம் அதே கணித ஆசிரியையின் மேசை.

மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017 என்றொரு தொகுப்பு இருக்கிறது. இலக்கிய வாசகர்கள் படிக்கத் தக்கதல்ல, ஆயினும் அதன் 215ஆம் விதி எங்களுக்கு ஒரு நல்ல சிறுகதையைப் போல இருந்தது. ஓராண்டில் வழங்கப்பட்டும் பார்வையிடப்பட்டும் பயன்பட்ட நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து காணாமற்போனால் அதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம், நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாதவரை, என்கிறது அது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலுக்கும் அரிய நூலுக்கும் மட்டும் கட்டாய விசாரணை. கணக்கு எடுக்கப்படும் விதத்தைப் பாருங்கள். அலமாரியில் இருக்கும் ஆயிரத்துக்கு அல்ல, கைமாறிய ஆயிரத்துக்கு. பூட்டிய அறைக்கு இந்த விதியால் ஒரு பயனும் இல்லை, நூலை வெளியே விட்டவருக்கே பாதுகாப்பு. பள்ளி நூலகப் பொறுப்பாளர் ஒவ்வொருவர் கையிலும் இத்தகைய ஓர் ஆணை எழுத்தில் இருக்க வேண்டும். பாதிச் சாவிகள் அன்றே கைப்பையை விட்டு வெளியே வரும்.

மீதிப் பாதிக்கு நூலகர்தான் வேண்டும். பள்ளிக்கு ஒருவர், முழுநேரம், வேறு வகுப்பு கிடையாது. செலவாகும் என்பார்கள். ஆகட்டும். மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்தச் செலவாகவில்லையா? கோட்டூர்புரத்தில் 2010இலும் மதுரையில் 2023இலும் எழுந்த மாளிகைகளை நாங்களும் நேசிக்கிறோம். ஆனால் திருமுல்லைவாயிலில் எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ரயிலும் பேருந்தும் மாறிக் கோட்டூர்புரம் போய் வரமாட்டாள். அவளுக்கு மதிய உணவுக்குப் பிறகு இருபது நிமிடம் இருக்கிறது. அந்த இருபது நிமிடம் திறந்திருக்கும் கதவு வேண்டும்.

‘இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், எல்லாம் கைப்பேசி’ என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒன்று. நாங்கள் எட்டிப் பார்த்த அன்று அந்த ஆசிரியை எங்களுக்காகக் கதவைத் திறந்தார். கால்மணி நேரத்தில் வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டனர். பிகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் பிரிந்து கிடந்த மூன்றாவது பெட்டியிலிருந்து படக்கதை ஒன்றை எடுத்துத் தமிழ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி உரக்கப் படித்தான். மணி அடித்ததும் அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டான். ஆசிரியை எங்களைப் பார்த்தார். நாங்கள் பதிவேட்டைப் பார்த்தோம்.

இந்த ஆண்டும் நண்பர்கள் இருவர் புத்தகப் பெட்டி கட்டிவிட்டார்கள். அதைப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளிக்கு அனுப்புவதா, அல்லது முதலில் அங்கே போய் நூலக அறை வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது என்று கேட்டு, கிடைத்த பதிலைக் கல்வித்துறைக்கு எழுதுவதா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. பெட்டி இப்போதைக்கு ஒருவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது.