புது செல்போனா? பூட்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

விதை வாங்கும்போது மூட்டையில் சான்று அட்டை இருக்கிறதா, காலக்கெடு முடியவில்லையே என்று பார்க்கிறோம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்த்து, நாலு அடி நடக்க விட்டு, ஒரு வேளை பாலையும் கறந்து பார்த்த பிறகே விலை பேசுகிறோம். இப்படி எல்லாவற்றிலும் நிதானமாக இருக்கும் நம் விவசாயிகள், ஸ்மார்ட்போன் வாங்கும்போது மட்டும் பெட்டியின் பளபளப்பையும் கடைக்காரரின் பேச்சையும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இது சின்னத் தொகை அல்ல. 2025-26 கொள்முதல் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்குத் தமிழக அரசு குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் கொடுத்தது. அப்படியானால் 40 கிலோ மூட்டை ஒன்று ஆயிரம் ரூபாய். 12,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினால், 12 மூட்டை நெல்லைக் கடையில் இறக்கிவிட்டு வருவதாகவே அர்த்தம். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது ஒரு மருந்து தெளிப்பானைவிடப் பெரிய முதலீடு.

ஸ்மார்ட்போன் இன்று ஆடம்பரம் என்றும் தள்ளிவிட முடியாது. 2018ல் தமிழக அரசு கொண்டுவந்த உழவன் செயலி, வானிலையையும் பயிர் ஆலோசனையையும் தரும் மேகதூத் செயலி, இடி மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி செயலி எல்லாம் இதில்தான் வருகின்றன. பி.எம். கிசான் சரிபார்ப்பு, வங்கியின் ஓ.டி.பி. எண், வியாபாரி அனுப்பும் பணம் எல்லாவற்றுக்கும் போன் கையில் இருக்க வேண்டும். ஆகவே இதை ஒரு பண்ணைக் கருவியாகக் கருதி வாங்குவதே முறை. அதில் முதல் கேள்வி: இந்தப் போனில் பூட்டு இருக்கிறதா?

பூட்டு இரண்டு வகை

முதல் வகை, கம்பெனிப் பூட்டு. ஒரு குறிப்பிட்ட செல்போன் கம்பெனியின் சிம் கார்டைத் தவிர வேறு எதைப் போட்டாலும் போன் வேலை செய்யாது. நம் நாட்டுக்கு இது புதிதல்ல. 2003ல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் கொடுத்த போன்களைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அதில் சிம் கார்டே கிடையாது. வேறு கம்பெனிக்கு மாற வழியும் கிடையாது. 2017ல் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு வந்த ஜியோபோனும், 2023ல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோ பாரத் போனும் ஜியோ சிம்முக்கு மட்டுமே வேலை செய்பவை. விலை மலிவாக இருந்ததற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம்.

இரண்டாவது வகை, தவணைப் பூட்டு. போன் எந்த சிம்மையும் ஏற்கும். ஆனால் கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் செயலி ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கும். தவணை தவறினால் தூரத்தில் இருந்தபடியே திரையைப் பூட்டிவிட முடியும். தவணையில் விற்கும் எல்லாப் போன்களிலும் இது இருப்பதில்லை. இருக்கும் போன்கள் பல உண்டு. கையெழுத்துப் போடும் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், பூட்டு விழுந்த பிறகே விஷயம் தெரிகிறது.

விவசாயிக்கு ஏன் இது முக்கியம்?

நகரத்தில் இருப்பவருக்கு எந்தக் கம்பெனி என்பது பெரிய பிரச்சினை இல்லை. எல்லாக் கம்பெனிக் கோபுரமும் பக்கத்திலேயே இருக்கும். கிராமத்தில் அப்படியில்லை. வீட்டுத் திண்ணையில் நன்றாகப் பேசும் போன், பள்ளக்காட்டுக் கிணற்று மேட்டில் ஊமையாகிவிடும். மலையடிவாரத்தில் ஒரு கம்பெனி, ஆற்றோரத்தில் வேறொரு கம்பெனி என்று சிக்னல் மாறும். வீட்டுக்கு ஒரு சிம், வயலுக்கு ஒரு சிம் என்று இரண்டு போட்டுக்கொள்ளும் வசதி, பூட்டில்லாத போனில்தான் உண்டு.

கட்டண விஷயமும் இருக்கிறது. 2011 ஜனவரி 20 முதல் எண்ணை மாற்றாமலே வேறு கம்பெனிக்கு மாறும் உரிமை நாடு முழுவதும் நமக்கு இருக்கிறது. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, நம் செல் எண்ணை அடித்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் மாறுவதற்கான குறியீட்டு எண் வரும். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தியபோது ஏராளமானோர் இப்படித்தான் பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறினார்கள். அந்த நிறுவனத்தின் சொந்த 4ஜி சேவை 2025 செப்டம்பரில் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் கம்பெனிப் பூட்டுள்ள போன் வைத்திருப்பவர் எண்ணை மட்டும்தான் மாற்ற முடியும். போனைத் தூக்கிப் பரணில் போட வேண்டியதுதான். எண் நம்முடையது, போன் அவர்களுடையது என்று ஆகிவிடுகிறது.

தவணைப் பூட்டு இதைவிடக் கடுமையானது. நம் வருமானம் அறுவடைக்கு அறுவடை வருகிறது. தவணையோ மாதாமாதம் வருகிறது. நடவு முடிந்து கையில் காசில்லாத மாதத்தில் திரை பூட்டிக்கொண்டால், மழை எச்சரிக்கையும் பார்க்க முடியாது, பயிர்க்கடனுக்கு வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணையும் எடுக்க முடியாது. எந்த நேரத்தில் போன் அவசியமோ அந்த நேரத்தில்தான் அது கைவிடும்.

வயலில் வைத்துப் பார்த்ததில்

அண்மையில் வெளிவந்த, எந்தப் பூட்டும் இல்லாத நடுத்தர விலைப் போன் ஒன்றை ரொக்கத்துக்கு வாங்கி, இரண்டு வாரம் கிராமங்களுக்கு எடுத்துச் சென்று பார்த்தேன். கம்பெனியின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். இந்த விலையில் வரும் போன்கள் பலவற்றுக்கும் பொருந்தும் விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு கம்பெனி சிம்களையும் தடையின்றி ஏற்றது. ஊருக்குள் ஒன்றும் காட்டில் மற்றொன்றும் கை கொடுத்தன. தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றும் வசதி எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது. எழுதத் தயங்கும் பெரியவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் பூச்சிமருந்துப் பெயர்களைத் தாறுமாறாக எழுதிவிடுகிறது. மருந்தின் பெயரையும் அளவையும் அனுப்புமுன் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

காலையிலும் மாலையிலும் திரை தெளிவு. உச்சி வெயிலில் வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினால்தான் படிக்க முடிகிறது. சிறிது நேரத்தில் போன் சூடேறி, வெளிச்சம் தானாகவே குறைந்துவிடுகிறது. நிழலில் வைத்தால் சரியாகிறது. மோட்டார் பெட்டியின் மேல் வெயிலில் போனை வைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பேட்டரியின் ஆயுள் அதனால் குறையும். ஈர விரலுக்கும் சேற்று விரலுக்கும் திரை சரியாகக் கட்டுப்படுவதில்லை.

கேமராவைப் பற்றி விளம்பரங்கள் 50 மெகாபிக்சல், 108 மெகாபிக்சல் என்று முழங்குகின்றன. பூச்சியைப் படம் பிடிக்க அந்த எண்ணைவிட, கிட்டத்தில் இருக்கும் பொருளைத் தெளிவாகக் காட்டும் திறனே முக்கியம். வாங்கிய போன் அரை அடி தூரத்தில் இலைப்பேனையும் ஓரளவு காட்டியது. அதைவிட நெருங்கினால் மங்கல். எங்களுக்குப் படம் அனுப்புகிறவர்கள் ஒரு படத்தோடு நிறுத்திவிடாமல், முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம் என்று மூன்று படம் அனுப்பினால் நலம். நெல்லில் புகையான் தூரின் அடியில்தான் இருக்கும். இலையைப் படமெடுத்தால் தெரியாது. மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்குக் குருத்தைப் படமெடுக்க வேண்டும்.

பிடிக்காத விஷயம் ஒன்று. வாங்கும்போதே விளையாட்டு, கடன், கடை என்று வேண்டாத செயலிகள் உள்ளே நிறைந்திருந்தன. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவற்றை நீக்க வேண்டும். உடனடிக் கடன் தருவதாகச் சொல்லும் அறிமுகமில்லாத செயலிகளைத் தொடவே கூடாது.

இன்னொன்று, எந்தப் போனுக்கும் பொருந்தும். மருந்து தெளிக்கும்போது போனைத் தொடாதீர்கள். கையில் உள்ள மருந்து போனில் ஒட்டி, அங்கிருந்து கன்னத்துக்கும் பிறகு வீட்டுக் குழந்தையின் கைக்கும் போகும். தெளித்து முடித்து, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே பேச வேண்டும்.

வெளியான அன்றே வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. புதிய நெல் ரகம் வந்தால் முதல் பட்டத்தில் பத்து சென்டில் போட்டுப் பார்ப்பது நம் வழக்கம். போனுக்கும் அந்த நிதானம் தேவை. வெளியான சில மாதங்களில் விலை இறங்குவது சாதாரணம். ஆரம்பக் கோளாறுகளையும் கம்பெனி அதற்குள் திருத்தியிருக்கும்.

ஆனால் ரொம்பப் பழைய மாதிரியையும் மலிவு என்று வாங்கக் கூடாது. செயலிகள் பழைய போன்களைக் கைவிட்டுக்கொண்டே வருகின்றன. ஜியோபோனுக்கு 2018ல் வந்த வாட்ஸ்அப், 2024 ஜூனுக்குப் பிறகு அதில் புதிதாக ஏற்ற முடியாததாகிவிட்டது. ஆகவே எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்பு மேம்பாடு தருவார்கள் என்று கேளுங்கள். நான்கு ஆண்டு உழைக்கும் போனுக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுப்பது நஷ்டம் ஆகாது. 5ஜி இருந்தால் நல்லதே; உங்கள் ஊரில் அந்தச் சிக்னல் வராத நிலையில் அதற்காக மட்டும் அதிக விலை கொடுக்க வேண்டாம்.

கடையில் செய்ய வேண்டியவை

1. உங்கள் சிம்மையும், உடன் வந்தவரின் வேறு கம்பெனி சிம்மையும் போட்டு, இரண்டிலும் பேசிப் பாருங்கள். கம்பெனிப் பூட்டுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது.

2. போனைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் திரையைப் படியுங்கள். ஒரு நாணயத்தை அரை அடி தூரத்தில் படமெடுத்து, எழுத்து தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள்.

3. போனில் *#06# என்று அடித்தால் 15 இலக்க அடையாள எண் வரும். பெட்டியிலும் பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணை அடித்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது முறையான போனா என்று பதில் வரும். பழைய போன் வாங்குவோர் இதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

4. தவணையில் வாங்குவதானால், "தவணை தவறினால் போன் பூட்டிக்கொள்ளுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கடைசித் தவணைக்குப் பிறகு அந்தச் செயலியை யார் நீக்கித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வட்டி இல்லை என்று சொன்னாலும் சேவைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

5. பழுது பார்க்கும் நிலையம் எந்த ஊரில் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

பூட்டுப் போன் யாருக்கு?

பூட்டுள்ள போன் அனைத்தும் மோசம் என்று சொல்ல முடியாது. பேசுவதற்கு மட்டும் போன் வேண்டும், வீட்டிலும் வயலிலும் அந்தக் கம்பெனிச் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்றால், ஆயிரம் ரூபாய்ப் போன் போதுமானது. 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குச் சாதாரணப் போனில் இருந்தே இலவசமாகப் பேசி ஆலோசனை பெறலாம். ஆலோசனைக்காகக் கடன் பட்டு ஸ்மார்ட்போன் வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. தெரிந்து வாங்குவது வேறு. தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு.

செய்ய வேண்டியது என்ன?

கனடாவில் 2017 டிசம்பர் முதலும் பிரிட்டனில் 2021 டிசம்பர் முதலும், கம்பெனிப் பூட்டுப் போட்ட போன்களை விற்கக் கூடாது என்று விதி செய்திருக்கிறார்கள். மலிவுப் போனும் ஏழைகளுக்கு வேண்டியிருக்கிற நம் நாட்டில் முழுத் தடை சரிப்படுமா என்று யோசிக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்லி விற்பதற்கு எந்தத் தடையும் இருக்க முடியாது. உர மூட்டையின் மேல் சத்தின் அளவு அச்சிடப்படுகிறது. பூச்சிமருந்துப் புட்டியில் நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ண முக்கோணம் இருக்கிறது. அதுபோல, "இந்தப் போன் இந்தக் கம்பெனியின் சிம்முக்கு மட்டும்" என்றும், "தவணை தவறினால் பூட்டப்படும்" என்றும் பெட்டியின் மேலும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலும் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்த வேண்டும். உழவர் உற்பத்தியாளர் குழுக்களும் இந்தக் கோரிக்கையை எழுப்பலாம்; உறுப்பினர்களுக்குப் பத்துப் போனாகச் சேர்த்துப் பேசி விலையும் குறைக்கலாம்.

அதுவரை நம் கையில் இருப்பது ரொக்கமும் கேள்வியும்தான். முடிந்தவரை அறுவடைப் பணம் கையில் இருக்கும்போது, கடனில்லாமல், பூட்டில்லாத போனாகப் பார்த்து வாங்குங்கள். பன்னிரண்டு மூட்டை நெல்லைக் கொடுத்து வாங்கும் கருவியின் சாவி விவசாயியின் கையில்தான் இருக்க வேண்டும்.