இரண்டாம் பாகத்துக்கு முன்னால்

'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6' (ஜிடிஏ 6) கேமின் முதல் டிரெய்லர் இந்திய நேரப்படி 2023 டிசம்பர் 5 அதிகாலையில் வெளியானது. சொன்ன நேரத்துக்கு முன்பே அது கசிந்துவிட்டதால் ராக்ஸ்டார் நிறுவனம் அவசர அவசரமாக வெளியிட்டது. முதல் 24 மணி நேரத்தில் யூடியூபில் 9 கோடிக்கு மேல் பார்வைகள். அதே 24 மணி நேரத்தில் சென்னை மிக்ஜாம் புயல் கொட்டிய மழைநீரில் கிடந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் படகு விட்டார்கள். தென் சென்னையின் பல இடங்களில் மின்சாரமும் இல்லை, கைபேசி சிக்னலும் இல்லை. ஊரெல்லாம் பார்த்து முடித்ததை இங்கே பலர் ஓரிரு நாள் கழித்துத்தான் பார்த்தார்கள். பார்த்த பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடந்ததுதான்: ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி அலசுவது, பின்னணிக் கடைப்பலகையை வைத்துக் கதையைக் கணிப்பது, காசுக்கு வீட்டில் எப்படிப் பேச்சை எடுப்பது என்று திட்டம் போடுவது.

வெளியான நிமிடமே பார்த்தவருக்கும் மூன்றாம் நாள் பார்த்தவருக்கும் ஆர்வத்தில் வித்தியாசம் இல்லையென்றால், அந்த ஆர்வத்தை டிரெய்லர் உண்டாக்கவில்லை. அது முன்பே இருந்தது. கேம் செய்வதைப் பிழைப்பாகக் கொண்ட நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. இரண்டாம் பாகத்தின் மேல் எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நம்மில் பலர் விளம்பரச் செலவைக் காட்டுவோம். இந்த இதழ் முதல் பாகத்தைக் காட்டுகிறது. முதல் பாகம் ஆடுகிறவர் கையில் எவ்வளவு வேலையை விட்டுவிட்டுப் போனது என்பதுதான் கணக்கு.

சென்னைக்கு இந்தக் கேமோடு பழைய உறவு ஒன்று உண்டு. ஆறாம் பாகத்தின் கதை நடப்பது வைஸ் சிட்டியில். மயாமியைப் பார்த்துச் செய்த அந்த நகரத்தைக் களமாகக் கொண்ட கேம் 2002-இல் பிளேஸ்டேஷன் 2-க்கும், 2003-இல் கம்ப்யூட்டருக்கும் வந்தது. இங்கே பலர் அதை ஆடியது பிரவுசிங் சென்டரில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து. இல்லாவிட்டால் திருட்டு சிடியில். மிஷன்களை வரிசையாக முடித்தவர்கள் குறைவு. 'பேன்சர்' என்று தட்டினால் பீரங்கி வண்டி வந்து நிற்கும். 'ஆஸ்பிரின்' என்று தட்டினால் ரத்தம் ஏறும். 'லீவ் மீ அலோன்' என்று தட்டினால் போலீஸ் தொல்லை ஓயும். ராக்ஸ்டார் எழுதிய கதையை ஓரமாக வைத்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் தன் இஷ்டத்துக்குச் சுற்றியவர்கள்தான் பெரும்பான்மை. கேம் அதற்கு இடம் கொடுத்தது. இருபது வருடம் கழித்து அதே நகரம் திரும்பி வருகிறது என்றதும் முப்பதைக் கடந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்வது அதனால்தான்.

ஐந்தாம் பாகம் 2013 செப்டம்பர் 17-இல் வந்து 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஆறாம் பாகம் முதலில் 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றார்கள். 2025 நவம்பரில் அதையும் தள்ளி 2026 நவம்பர் 19 என்றார்கள். ஐந்தாம் பாகம் வந்தபோது ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை இன்று ஓ.எம்.ஆரில் வேலைக்குப் போகிறது. இந்தப் பதின்மூன்று வருடத்தை யார் நிரப்பினார்கள்?

நிறுவனம் தன் பங்குக்கு ஆன்லைன் பதிப்பை நடத்தியது. மீதியை ஆடுகிறவர்கள் நிரப்பினார்கள். 'ஃபைவ்எம்' என்ற மோட் மூலம் சொந்த சர்வர் வைத்து ரோல்பிளே ஆடும் பழக்கம் உலகெங்கும் பரவியபோது தமிழ் சர்வர்களும் முளைத்தன. ஐந்தாம் பாகத்தின் நகரமான லாஸ் சான்டோஸின் தெருவில் ஒருவர் இன்ஸ்பெக்டர், ஒருவர் மெக்கானிக், ஒருவர் ஆஸ்பத்திரி ஊழியர், ஒருவர் ரவுடி. சலான் போடும்போதும் பஞ்சாயத்துப் பேசும்போதும் வருவது நம் பேச்சுத் தமிழ். அதை யூடியூப் நேரலையில் பார்க்கவும் கூட்டம் இருக்கிறது. அந்த வசனத்தில் ஒரு வரிகூட ராக்ஸ்டார் எழுதியதில்லை. ஐந்தாம் பாகத்தின் மொழித் தேர்வில் தமிழே கிடையாது. தமிழில் அந்த கேமை உண்டாக்கியவர்கள் ஆடியவர்கள்தான்.

இந்த உழைப்பை உரிமைக்காரர்கள் நடத்திய விதத்தையும் நம் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. 2017-இல் தாய் நிறுவனமான டேக்-டூ, மோட் செய்கிறவர்கள் நம்பியிருந்த 'ஓப்பன்ஐவி' கருவியை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. 2021-இல் வைஸ் சிட்டியின் நிரலைப் பிரித்தறிந்து மறுபடி எழுதிய ரசிகர்கள் மேல் வழக்குப் போட்டது. 2023 ஆகஸ்டில் ஃபைவ்எம்மை நடத்திய குழுவையே ராக்ஸ்டார் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதட்டினார்கள், வழக்காடினார்கள், கடைசியில் விலைக்கு வாங்கினார்கள். எதிர்பார்ப்பு எங்கே தயாராகிறது என்று அவர்களுக்குப் புரிய ஆறு வருடம் பிடித்தது.

மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் இது முன்பே தெரிந்த சங்கதி. 'பார்த்திபன் கனவு' முடிந்த பிறகு கல்கி எழுதியது அதற்கு முந்தைய தலைமுறையின் கதையான 'சிவகாமியின் சபதம்'. முன்கதையை இரண்டாவதாகச் சொல்லும் இதே உத்தியை 2018-இல் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'-இல் ராக்ஸ்டார் கையாண்டது. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வந்தபோது வாசகர்கள் சும்மா காத்திருக்கவில்லை. தொடரின் பக்கங்களை மணியத்தின் ஓவியங்களோடு கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தி, பைண்டு செய்து வைத்தார்கள். கதை சட்டென்று முடிந்துவிட்டதே, இன்னார் என்ன ஆனார், அந்தக் கொலையைச் செய்தது யார் என்று கேட்டார்கள். கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டி வந்தது. அந்த முடிவுரையிலும் எல்லா முடிச்சையும் அவர் அவிழ்த்துவிடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். விட்ட இடத்திலிருந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். பிற்காலத்தில் அனுஷா வெங்கடேஷ் 'காவிரி மைந்தன்' எழுதினார். எழுபது வருடம் கழித்து மணிரத்னம் படமெடுத்தபோது அரங்குக்குப் போனவர்களில் பாதிப்பேர் ஆதித்த கரிகாலன் கொலை வழக்கில் ஆளுக்கொரு தீர்ப்போடுதான் போனார்கள்.

தமிழ் சினிமாவிலும் இதே கணக்குத்தான். 'கைதி' (2019) முடிந்தபோது அதன் நாயகன் டில்லி யார், சிறைக்கு முன்னால் அவன் என்ன செய்தான் என்பது முழுதாகச் சொல்லப்படவில்லை. 'விக்ரம்' (2022) அதோடு ஒரு நூலைக் கோத்தது. அவ்வளவுதான், மீதி நூலெல்லாம் ரசிகர்கள் கோத்துக்கொண்டார்கள். 'இந்தியன்' 1996-இல் வந்து, 28 வருடம் கழித்து 2024-இல் 'இந்தியன் 2' வந்தது. பழைய படத்தின் மேல் பிரியம் நிறைய இருந்தது. ஆனால் ரசிகர் கையில் முடிக்க வேண்டிய வேலை எதுவும் இல்லை. பிரியம் மட்டும் இரண்டாம் பாகத்தைத் தூக்கிவிடாது.

சின்ன ஸ்டுடியோக்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் சேர்ந்து நடத்துவது டீம் செர்ரி. 2017-இல் 'ஹாலோ நைட்'. அதன் தொடர்ச்சியாக 'சில்க்சாங்'கை 2019-இல் அறிவித்தார்கள். அது வெளிவந்தது 2025 செப்டம்பர் 4-இல். நடுவில் பெரும்பாலும் மௌனம். தேதியை இரண்டு வாரம் முன்புதான் சொன்னார்கள். வெளியான வேளையில் ஸ்டீம் உள்பட பல கடைகள் திணறின. அதே வாரம் வருவதாக இருந்த பல சிறு கேம்கள் தேதியை மாற்றிக்கொண்டு ஒதுங்கின.

மௌனம் காத்தால் ஜெயிக்கலாம் என்று இதிலிருந்து பாடம் எடுத்தால் ஏமாறுவோம். 'ஹாலோ நைட்' தன் கதையை எங்கும் நேராகச் சொல்லாத கேம். இடிந்த சுவர், செத்துப்போன பூச்சியின் கூடு, ஒரு தாயத்தைப் பற்றிய இரண்டு வரி என்று துண்டு துண்டாகக் கிடப்பதை ஆடுகிறவர்தான் ஒட்ட வேண்டும். ஆறு வருட மௌனத்திலும் ரசிகர்கள் கலையாமல் இருந்ததற்கு அந்த ஒட்டும் வேலை ஒரு காரணம். முதல் கேமில் அப்படி ஒன்றும் இல்லாதவர் ஆறு மாதம் மௌனமாக இருந்தால் அவரை மறந்துவிடுவார்கள்.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமான முயற்சி புனேயின் நாடிங் ஹெட்ஸ் செய்த 'ராஜி'. 2020-இல் வந்த அந்த ஆக்‌ஷன் கேம் சட்டென்று முடிந்துவிடுகிறது என்பதே அப்போது எழுந்த பெரிய குறை. இப்போது 'ராஜி: கலியுகா' என்று தொடர்ச்சியை அறிவித்திருக்கிறார்கள். அன்றைய குறை இன்று அவர்களுக்கு முதலாக இருக்கிறது.

ஆக, தமிழில் கேம் செய்கிறவர்கள் முதல் பாகத்திலேயே செய்துவைக்க வேண்டியவை சில. வசனத்தை நிரலுக்குள் புதைக்காமல் தனிக் கோப்பாக வையுங்கள். மதுரைக்காரர் தன் பேச்சில் மாற்றிக்கொள்ளட்டும், யாழ்ப்பாணத்தவர் தன் பேச்சில் மாற்றிக்கொள்ளட்டும். அதற்கு முன், எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா என்று பாருங்கள். யூனிட்டியின் டெக்ஸ்ட் மெஷ் புரோவில் 'கொ', 'கெ' போன்றவற்றின் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்பதைப் பார்க்காதவர் நம்மில் இருக்க முடியாது. அன்ரியலும் கோடோ 4-உம் ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்துவதால் அந்தச் சிக்கல் இல்லை. எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இதை யோசித்தால் பிறகு ரசிகர் தமிழில் எதையாவது சேர்க்க வரும்போது கதவு திறந்திருக்கும். லெவல் எடிட்டரைக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் வரைபடத்தில் ஒரு மூலையையாவது விளக்காமல் விடுங்கள்.

அடுத்தது தேதி. 2026-இல் தீபாவளி நவம்பர் 8. ஜிடிஏ வருவதாகச் சொல்லியிருப்பது அதற்குப் பதினோரு நாள் கழித்து. போனஸ் உஸ்மான் ரோட்டிலேயே கரைந்திருக்கும். கல்லூரிகளில் செமஸ்டர் பரீட்சை நடந்துகொண்டிருக்கும். இந்த அறிவிப்பு பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டும். கம்ப்யூட்டருக்கு ஐந்தாம் பாகம் வர 2015 ஏப்ரல் வரை ஆனது. ஒன்றரை வருடத்துக்கு மேல். கன்சோலுக்கு அரை லட்சம் கொடுக்க முடியாத சென்னை ரசிகரின் காத்திருப்பு அந்த நவம்பரில் முடியப்போவதில்லை. அந்த வாரத்தில் உங்கள் கேமை வெளியிடாதீர்கள். பெரிய நட்சத்திரத்தின் படம் வரும் வெள்ளிக்கிழமையில் சின்னப் படத்தை இறக்கக் கூடாது என்று கோடம்பாக்கத்துக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். பொங்கலும் கோடை விடுமுறையும் நம் காலண்டரில்தான் இருக்கின்றன.

கடைசியாக, தாமதம். ஒவ்வொரு முறை தேதி தள்ளிப்போகும்போதும் ரசிகர்கள் திட்டுகிறார்கள். 2020-இல் 'சைபர்பங்க் 2077' தள்ளிப்போனபோது செய்தவர்களுக்குக் கொலை மிரட்டல்கூட வந்தது. கடைசியில் அரைகுறையாக வெளியிட்டார்கள். ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்தது. ஜிடிஏவில் உழைப்பவர்களும் நமக்குத் தூரத்தில் இல்லை. பெங்களூரில் 1997-இல் தொடங்கிய துருவா நிறுவனத்தை 2019-இல் வாங்கி, அங்கேயே ராக்ஸ்டார் இந்தியாவை வளர்த்திருக்கிறார்கள். சென்ட்ரலில் ரயில் ஏறினால் ஐந்தாறு மணி நேரம். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' சமயத்தில் ராக்ஸ்டாரின் ஓய்வில்லாத வேலை நேரம் உலகச் செய்தியானது. ஆகவே, தள்ளிப்போன தேதியை அவமானமாக நினைக்க வேண்டாம். நிறைவேற்ற முடியாத தேதியை அறிவித்ததுதான் தவறு. அதை அறிவிப்பவர் முதலாளி. அதற்கு ராத்திரி கண் விழிப்பவர் நீங்கள்.

இரண்டாம் பாகத்தை அறிவிக்கும் ஆசை வரும்போது ஒன்றைச் செய்யுங்கள். முதல் பாகத்தை எத்தனை பேர் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், வரைபடம் போட்டிருக்கிறார்கள், பாத்திரங்களுக்கு வேறு முடிவு எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். பத்துப் பேர் கிடைத்தாலும் அவர்களிடம் போய்ப் பேசுங்கள். இரண்டாம் பாகத்தின் முதல் வரைவு அவர்களிடம் இருக்கும். ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்றால் டிரெய்லர் எடிட்டரை இப்போதைக்குக் கூப்பிட வேண்டாம். லெவல் டிசைனரைக் கூப்பிடுங்கள்.

— ஆசிரியர்